குழிக்குள் யாரும் இல்லை

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் இன்ஜின்தான். அதை நகர்த்த, ஓய்வுபெற்ற ரயில் டிரைவருக்குத் துணிவு வரவில்லை.

மாதிரி ரயில் கிளப்பின் பெரிய மேசையில் இன்ஜின் ஷெட் கட்டி முடிக்க நான்கு மாதம் ஆகியிருந்தது. மணல் தொட்டி, தண்ணீர்க் குழாய், இன்ஜினுக்கு அடியில் இறங்கி வேலை பார்ப்பதற்கான குழி, எல்லாம் அவர் கைப்படச் செய்தவை. இன்று முதல் ஓட்டம்.

"குமிழைத் திருப்புங்க சார், ஷாக் ஒண்ணும் அடிக்காது" என்றார் உறுப்பினரான தையல்காரர்.

டிரைவர் வேகக் குமிழில் விரலை வைத்தார், உடனே எடுத்துவிட்டார். குனிந்து, குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"உள்ள யாரும் இல்லையே?"

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். "எறும்பு இருந்தாத்தான் உண்டு!"

அவர் இன்னொரு முறை குனிந்து பார்த்தார்.

"என்னால முடியாது. வேற யாராவது ஓட்டுங்க."

கிளப் செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. வீடு தேடிப் போய் டிரைவரை இங்கே அழைத்து வந்தவர் அவர்தான்.

"சார், அன்னைக்குத் தப்பா கொடி காட்டினது வேற ஆளு. பத்து வருஷமா சொல்றேன், நீங்க காதுலயே போட்டுக்க மாட்டேங்கறீங்க."

"நான் இறங்கி ஒரு தடவை பார்த்திருக்கணும்ப்பா."

செயலாளர் தன் சக்கர நாற்காலியை அவர் பக்கத்தில் உருட்டி வந்து, அவர் கையைப் பிடித்துக் குமிழின்மேல் வைத்தார்.

"அன்னைக்குக் குழிக்குள்ள நின்ன ஃபிட்டர் நான்தானே? இன்னைக்கு மேலதான் இருக்கேன். ஓட்டுங்க."

டிரைவர் குமிழைத் திருப்பினார்.