இரண்டாம் பட்டியல்

எங்கள் பம்ப் கம்பெனியின் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்கு அழைக்க வேண்டியவர்கள், அழைக்கக் கூடாதவர்கள் என்று இரண்டு பட்டியல்கள் எழுதிக் கொடுத்தேன். இரண்டாவதில் ஒரே பெயர்தான்: வேறு சாதியில் மணந்ததால் இருபத்திரண்டு வருஷமாக நான் முகம் பார்க்காத தங்கை சுலோச்சனா. பக்கத்தில் அவள் நம்பரையும் எழுதியிருந்தேன். ஏன் எழுதினேனோ. மருமகள் இரண்டையும் கம்ப்யூட்டரில் ஒன்றாக ஏற்றி, வாட்ஸப்போடு இணைத்துவிட்டாள். நம்பர் இருந்தால் போதும், என் பெயரில் அழைப்பு தானாகப் போய்விடுமாம்; தலைப்பை அது படிக்காதாம். விழாவன்று காலையில்தான் அதைச் சொல்லி, இரண்டாம் பட்டியல் இருந்த தாளைத் திருப்பித் தந்தாள். நான் அதைச் சட்டைப்பையில் மடித்து வைத்து நிமிர்ந்தால், சுலோச்சனா வாசலில் நின்றாள். "மதிப்பிற்குரியன்னு போட்டிருக்கீங்களேண்ணா! நான் எப்போ அப்படி ஆனேன்?" என்று சிரித்தாள். கண் நிறைந்திருந்தது. மருமகள் தலை நிமிராமல் வருகைப் பதிவில் அவள் பெயரைத் தொட்டாள். உடனே சுலோச்சனாவின் போன் ஒலித்தது. எல்லோருக்கும் கேட்கும்படி படித்தாள்: "தாங்கள் வந்தது எங்கள் குடும்பத்துக்குப் பெருமை. இப்படிக்கு, நாச்சிமுத்து." நான் இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை. "இதை உங்க வாயால ஒரு தடவை சொல்லுங்கண்ணா" என்றாள். மெல்லிய வெள்ளைச் சட்டையில் அந்தத் தாள் தெரிந்தது. கையை நெஞ்சின்மேல் வைத்து மறைத்துக்கொண்டேன். அதையே பதிலாக எடுத்துக்கொண்டு அவள் கைகூப்பினாள்.