சாலமோன் சாய்ந்த சுவர்

மழைத் தண்ணீர் இறங்கி உப்பிப்போன சுவரைக் கொத்தனார் கிருபாகரன் கொத்திக்கொண்டே வந்தார். நடுவில் ஓர் எண்ணெய்க் கறை. ஹெலன் குறுக்கே வந்து நின்றாள். போன வருடம் செத்துப்போன அவள் புருஷன் சாலமோன் தலை சாய்த்து உட்கார்ந்த இடம் அது.

“இத்த மட்டும் வுட்டுடு அண்ணாத்த. நவுந்து குந்துய்யான்னா கேக்காது அந்த மனுசன். நடுவுலயே குந்திகினு இருக்கும்.”

கிருபாகரன் கரண்டியால் தட்டிக் காட்டினார். “உள்ள புடிப்பே இல்லம்மா. தன்னால வூந்துடும்.”

செங்கல் தெரியக் கொத்திப் புதிதாகப் பூசினார். பத்து நாள் காய்ந்தது. வெள்ளையடிக்க வந்த காலையில் ஹெலனைக் கூப்பிட்டார். அதே உயரத்தில் வட்டமாக ஒரு கறை. தொட்டு முகர்ந்தார். தேங்காய் எண்ணெய்.

கறை நடுவில் இல்லை. பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டு, நகர்ந்திருந்தது.