சேமிக்க வேண்டாம்

அவள் கை படாமலே திரையில் மவுசின் அம்பு நகர்ந்தது.

மத்தியானம் இரண்டு மணி. கணவர் ஆபீஸில். மகன் ஆதவன் கோயம்புத்தூர் ஹாஸ்டலில். வாசல் கதவைப் பூட்டினோமா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பூட்டித்தான் இருந்தது.

காதில் செல்போன். இரண்டு தெரு தள்ளி கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஜெபராஜ் பேசிக்கொண்டிருந்தான்.

“உள்ள ஆள் பூந்திருக்கான்க்கா. நீங்க டைப் அடிச்சது பூரா அவனுக்குப் போயிருக்கு. மொதல்ல அந்த நெட் வயரை உருவுங்க. நான் இந்தா வாரேன்.”

குனிந்து வயரைப் பிடித்தாள்.

ஆயுத பூசை தவறாமல் மானிட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிற வீடு. ஆன்ட்டி வைரஸைப் புதுப்பிக்க மட்டும் மூன்று வருஷமாக நாள் கூடிவரவில்லை.

அம்பு போட்டோக்களைத் திறந்தது. ஆதவனின் முதல் பிறந்தநாள். மொட்டை போட்டது. பள்ளிக்கூட ஆண்டு விழா. ஒவ்வொன்றாகத் தள்ளியது. அதற்கு வேண்டியது இல்லை போலும். மூடியது.

காலையில் அவளுடைய மெயிலை இப்படித்தான் யாரோ திறந்திருந்தார்கள். பாஸ்வேர்டு மறந்தவர்களிடம் கேட்கிற கேள்விக்குச் சரியான பதிலைச் சொல்லி.

உங்கள் முதல் குழந்தையின் பெயர்?

ஊரில் யாரைக் கேட்டாலும் ஆதவன் என்பார்கள். அவள் கொடுத்து வைத்திருந்த பதில் அது இல்லை.

ஆதவனுக்கு முன்னால் ஒருத்தி பிறந்தாள். அழவில்லை. அழாத பிள்ளைக்குப் பெயர் எதற்கு என்று துணியில் சுற்றி எடுத்துப் போய்விட்டார்கள். நாலாம் நாள், மார்பில் பால் கட்டிப் படுத்திருந்தபோது, அவளாகவே ஒரு பெயர் வைத்தாள். கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

வருஷத்துக்கு ஒருநாள், ஐப்பசி ஒன்பதாம் தேதி, நோட்பேடைத் திறந்து அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எழுதுவாள். தம்பி வாங்கிய மார்க். புதிதாக எடுத்த சேலை. உனக்கு இந்நேரம் இத்தனை வயசு. எழுதி முடித்து மூடுவாள். சேமிக்கவா என்று கேட்கும். வேண்டாம் என்று அழுத்துவாள். அதோடு போயிற்று என்றுதான் நினைத்திருந்தாள்.

சுவருக்கும் காது உண்டு என்பார்கள். கீபோர்டுக்கும் இருந்திருக்கிறது.

நோட்பேடு தானாகத் திறந்தது.

வெள்ளைத் திரையில் ஒவ்வொரு எழுத்தாக விழுந்தது. தமிழில்.

பொருநை யார்?



அந்தப் பெயரை இன்னொரு கை எழுதி அவள் பார்த்ததே இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவரும் அவளிடம் இதைக் கேட்டதில்லை. பயமாக இருந்தது. அழுகையும் வந்தது.

கேள்விக்குக் கீழே கோடு ஒன்று விட்டு விட்டுத் துடித்துக்கொண்டிருந்தது. காத்திருந்தது.

“உருவிட்டீங்களாக்கா?”

“உருவிட்டேன்” என்றாள்.

வயரை உருவாமலே விட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.