நோர்பர்ட் காட்டாத படம்

நோர்பர்ட்டோடு வெர்லின் பேச்சை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. காரணம் ஒரு வீடியோ கேசட்.

துலூத் நகரத்துப் பேய்ப்படப் பிரியர்கள் சங்கத்தின் மூத்தவர் எல்மர். இளமையில் அவர் எடுத்த ஒரே படம் அந்தக் கேசட்டில் இருந்தது. பேயே வராதாம். ஏரி, மூடுபனி, எங்கிருந்தோ ஓர் உறுமல், அவ்வளவுதானாம். இருந்த ஒரே பிரதியை அவர் நோர்பர்ட்டிடம் கொடுத்திருந்தார். அவன் அதை யார் கண்ணிலும் காட்டுவதில்லை.

"கஞ்சப்பய, சாகும்போது நெஞ்சுல கட்டிக்கிட்டுப் போவான்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான் வெர்லின்.

படத்தைக் காட்டாவிட்டால் சங்கத்தைவிட்டு நீக்குவோம் என்று கடைசியில் தீர்மானமே போட்டுவிட்டார்கள். வெர்லின் ஒருவன் மட்டும் வந்து பார்க்கட்டும் என்றான் நோர்பர்ட். ஏன் தன்னைக் கூப்பிடுகிறான் என்று வெர்லினுக்குப் புரியவில்லை.

வெர்லின் வந்ததும் ஜன்னல் திரைச்சீலையை இழுத்துவிட்டு நோர்பர்ட் கேசட்டைப் போட்டான்.

கொஞ்ச நேரம் வெறும் புள்ளிகள். பிறகு கோட் போட்ட ஒருவர் ஏரி வரைபடத்துக்கு முன்னால் நின்று, காற்று வடக்கிலிருந்து வருகிறது என்றார்.

வெர்லினுக்கு உடம்பு சிலிர்த்தது. வருவது காற்றுதானா? இந்த ஆள் ஏன் சிரிக்கிறார்? அடுத்து ஒரு பெண் சோப்புத்தூளை நீட்டினாள். ஒன்றும் விளங்கவில்லை. விளங்காததால்தானே உசத்தியான படம்.

"இவதான் பேயா?" என்றான் மெதுவாக.

"அது விளம்பரம். முன்னாடி வந்தது டிவி வானிலை அறிக்கை."

"அப்ப படம்?"

"அழிஞ்சுபோச்சு."

"பாவி. கேசட் ஓரத்துல இருக்கற பிளாஸ்டிக் துண்டை ஒடிச்சு வச்சா மேல எதுவும் பதிவாகாதே. அதுகூடவா தெரியாது உனக்கு?"

எல்மரிடம் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை என்று வெர்லின் எழுந்தான். நோர்பர்ட் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்குக் கொடுத்தப்பவே இப்படித்தான் இருந்தது. அவருக்கு மறதி ஆரம்பிச்ச சமயம். அவரே இதுமேல பதிவு பண்ணிட்டார். படம் பத்திரமா இருக்குன்னு நினைச்சுக்கிட்டிருக்கார். என்னைக் கண்டாலே ஆகாதவன் நீ. நீ பிரமாதம்னு சொன்னா சங்கமே நம்பும்."

வெர்லின் கையை உதறிவிட்டுப் போய்விட்டான்.

சங்கக் கூட்டத்தில் எல்மர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். "எப்படிப்பா இருந்தது?" என்று கேட்டார்.

"இன்னும் படபடப்பு அடங்கலை, பெரியவரே" என்றான் வெர்லின்.

எங்களுக்கும் காட்டச் சொல் என்று மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். வெர்லின் நாற்காலியை இழுத்து நோர்பர்ட் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான்.

"காட்டறதா இல்லை. நீக்கறதுன்னா எங்க ரெண்டு பேரையும் நீக்குங்க."