ஆர்கன் சாவி

காலி பிராந்தி பாட்டிலைச் சபை மூப்பர் ஆர்கன்காரர் வீட்டு மேசைமேல் டொக்கென்று வைத்தார். பக்கத்தில் வேதாகமம் இருந்ததைப் பார்த்ததும் பதறிப்போய், பாட்டிலை ஒரு முழம் தள்ளி வைத்தார்.

“உங்க வீட்டுக் குப்பைப் பை படிக்கட்டுல கிழிஞ்சு, இது உருண்டு வந்து என் வாசல்ல நிக்குது. சபையில ஆர்கன் வாசிக்கிற கையா இது?”

கீழ்வீட்டில் குடியிருக்கும் மூப்பருக்கு ஒன்று தெரிந்தால் சபைக்கே தண்டோரா போட்ட மாதிரி. இப்போது போதகரையும் கையோடு கூட்டி வந்துவிட்டார்.

“கல்யாண வீட்டுல ஆண்டவரே தண்ணியைத் திராட்சரசமாக்கலையான்னு கேப்பீங்க. அது கல்யாண வீடு, இது குப்பைத் தொட்டி!” மூப்பர் பிடித்த பிடியை விடவில்லை. “உடம்பு ஆண்டவர் குடியிருக்கிற ஆலயம், தெரியுமில்ல?”

இதைச் சொன்ன மகராசனின் சட்டைப் பையில் சிகரெட் பெட்டி துருத்திக்கொண்டிருந்தது. சிகரெட்டைப் பற்றி வேதத்தில் ஒரு வரிகூட இல்லை என்பது அவர் கட்சி.

சமையலறை வாசலில் ஆர்கன்காரரின் மனைவி நின்றிருந்தாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். போதகர் பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லியும் வரவில்லை.

போதகர் நல்ல மனிதர். “வேற யாரோ போட்ட பாட்டிலா இருந்தா சொல்லிடுங்க. நான் நம்புறேன்” என்றார் தணிந்த குரலில்.

ஆர்கன்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“என்னோடதுதான் ஐயா.”

“அப்ப என் கையில ஒண்ணும் இல்லை. ஞாயித்துக்கிழமை சபைக்கு முன்னாடி நின்னு பாவ அறிக்கை பண்ணணும். திருவிருந்துல அப்பமும் ரசமும் கிடையாது. ஆர்கன் சாவியைக் குடுத்துடுங்க.”

மற்றதற்கெல்லாம் தலையாட்டியவர், சாவி என்றதும் ஆடிப்போனார். “ஐயா, வாசிக்க மட்டுமாவது விடுங்க. அது ஒண்ணுலதான் நான் உசுரோட இருக்கேன்.”

“அதைக் குடிக்கிறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்” என்றார் மூப்பர்.

வீட்டுச் சாவியோடு கோத்திருந்த வளையத்திலிருந்து அது லேசில் கழலவில்லை. நகம் பிய்ந்ததுகூட அவருக்கு உறைக்கவில்லை. கழற்றிப் போதகர் கையில் வைத்தார்.

புறப்படும் முன் போதகர் சமையலறைப் பக்கம் திரும்பினார். “அழாதேம்மா. உன்னை மாதிரி ஒருத்தி வீட்டுல இருக்கிறதாலதான் இந்த மனுஷன் இன்னும் தெருவுல விழாம இருக்காரு. உன் கண்ணீரை ஆண்டவர் பாக்காம இருக்க மாட்டாரு.”

மூப்பரும் தன் பங்குக்கு ‘உச்’ கொட்டிவிட்டுப் படி இறங்கினார்.

கதவைச் சாத்திவிட்டு ஆர்கன்காரர் நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். இவ்வளவு பட்ட பிறகாவது இந்த வீட்டுக்குள் இனிமேல் பாட்டில் நுழையாது என்று நினைத்துக்கொண்டார். போன மானத்துக்கு அந்த ஒரு லாபமாவது மிஞ்சட்டும்.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் காலடியில் வந்து உட்கார்ந்தாள். அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“கடை மூடுறதுக்குள்ள எனக்கு இன்னொண்ணு வாங்கிட்டு வந்துடுங்களேன்.”