உச்சிவேளை விருந்து

பாழடைந்த சிவாலயம் ஒன்றின் பின்புறம் ஓர் இலுப்பை மரம் நின்றது. அதன் பூவின் இனிமையை இருளப்பன் என்னும் வௌவால் காடெங்கும் புகழ்ந்து, தன் இனத்தாரை அழைத்து வந்தது. அவர்களால்தான் மரத்தின் விதைகள் தொலைவு சென்று முளைத்தன.

தன்னைப் புகழ்வோரைச் சிறப்பிக்க எண்ணிய மரம், ஆண்டுதோறும் உச்சிவேளையில் பூச்சொரிந்து, "அன்பர்களே, விருந்துண்ண வருக!" என்று கூவும். அணில் ஓடிவந்து உண்ணும். இருளப்பனோ கிளையில் தலைகீழாகத் தொங்கி உறங்கும். மாலையில் அது விழிக்கையில் வாடிய இதழ்களே எஞ்சியிருக்கும்.

ஒருநாள் அது கேட்டது: "ஐயா, பகலில் நான் உறங்குவதை நீர் ஒருமுறையும் கண்டதில்லையா?"

"அன்பர் எல்லாரும் எனக்கு ஒன்றே!" என்றது மரம் பெருமிதத்துடன்.

இருளப்பன் பறந்துபோயிற்று, இனமும் உடன் சென்றது. அவ்வாண்டு கனிகள் அனைத்தும் மரத்தடியிலேயே அழுகின.

"அவரை எப்படியாவது திரும்ப அழைக்க வேண்டுமே!" என்று மரம் அணிலிடம் புலம்பியது.

"பெயர் சொல்லி அழையும்."

"அவர் பெயரா?" என்றது மரம்.

"அது போகட்டும். நாள்தோறும் உம் மடியில் கிடக்கிறேனே, என் பெயர் என்ன?"

"அன்பரே..." என்றது மரம்.

அணிலும் இறங்கிப் போயிற்று.