கோப்பைக் குதிரையும் வராத வெள்ளாடும்

கோப்பைப் பந்தயம். மற்ற குதிரைகளெல்லாம் ஓட்டம் தொடங்கும் கூண்டுக்குள் நிற்கின்றன. கூட்டமே நம்பியிருக்கும் கறுப்புக் குதிரை மட்டும் வாசலில் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நகர மறுக்கிறது. லாயத்தில் கூடவே படுக்கும் வெள்ளாடு முன்னால் போனால்தான் அது எங்கும் நுழையும். மேலே பட்டுச்சட்டை மினுங்க உட்கார்ந்திருக்கும் ஜாக்கியின் முகத்தில் ஈயாடவில்லை. "ஆட்டை ஏன்டா கூட்டிட்டு வரல?" பயிற்சியாளர் பல்லைக் கடிக்கிறார். "நீங்கதான மாமா மானம் போயிடும்னு சொன்னீங்க?" என்கிறான் அவர் மச்சினனான குதிரைக்காரன். பயிற்சியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு, கூண்டுக்கு முன்பக்கம் வேலியோரம் போய் நின்று, அத்தனை பேர் பார்க்க "ம்மே" என்கிறார். காதை விடைத்துக்கொண்டு குதிரை உள்ளே போகிறது. கதவுகள் திறக்கின்றன. மற்றவை புழுதி கிளப்பிப் பறக்க, கறுப்பு மட்டும் நேராக வந்து அவர் தோளில் முகத்தைத் தேய்க்கிறது. "மாமா," மச்சினன் அலறுகிறான், "அப்படியே கத்திக்கிட்டே முன்னால ஓடுங்க!"